இலையின் கீழ்ப்புறம்

நம் பாடசாலைகளில் ஓர் இலை வளர்கிறது. எந்த மரத்திலும் அதைக் காண முடியாது. கொப்பிகளில் மட்டுமே அது தழைக்கும். இரு முனையும் கூராய், நடுவில் பருத்து, நேர்கோடு ஒன்றை நடுநரம்பாகக் கொண்டு, அதன் இரு மருங்கிலும் மீன்முள் போல எதிரெதிரே கிளைநரம்புகள் நீண்டு விளிம்பில் போய் முட்டி நிற்கும். நிறம் ஒரே பச்சை. மாவிலை வரையச் சொன்னாலும் அதுதான், கொய்யாவிலை என்றாலும் அதுதான், தேயிலையும் அதுவே. அடியில் பெயரை மாற்றி எழுதிவிட்டால் தாவரமே மாறிவிடும். ஆசிரியரும் சரியென்று அடையாளமிட்டுப் புள்ளி வழங்கிவிடுவார்.

இதனை ஒரு சிறு குறையென்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. எழுத்துப் பிழை விட்ட மாணவனைத் திருத்துகிறோம். கணக்கில் ஓர் இலக்கம் தவறினால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். கண்ணெதிரே கிடக்கும் பொருளைக் காணாமலே கண்டதாக எழுதிக் கொடுப்பதை மட்டும் நாம் பிழையென்று கொள்வதில்லை. விஞ்ஞான பாடத்தில் இதைவிடப் பெரிய பிழை வேறு யாது? 'அவதானித்து வரைக' என்று வினாத்தாள் கேட்கிறது. மாணவன் அவதானித்ததோ சென்ற ஆண்டு அண்ணன் வரைந்த கொப்பியை.

சில ஆண்டுகளுக்கு முன் கம்பளைப் பகுதியில் ஒரு பாடசாலையில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சியைப் பார்க்கப் போயிருந்தேன். சுவர் நிறையத் தேயிலைப் படங்கள், முப்பதுக்குக் குறையா. சன்னலுக்கு அப்பால், கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் தேயிலைச் செடி நிற்கிறது. ஆனால் முப்பது படங்களில் ஒன்றிலேனும் இலையின் விளிம்பில் பல் இல்லை. தேயிலையின் விளிம்பு அரம் போன்றது. காம்பை ஒட்டிய பகுதியில் மழமழவென்று தொடங்கி, சற்று மேலே போனதும் பற்கள் தோன்றி, நுனிவரை ஒழுங்காக ஏறும். ஒவ்வொரு பல்லின் முனையிலும் கடுகினும் சிறிய கரும்புள்ளி ஒன்றைக் கைவில்லை கொண்டு பார்த்தால் காணலாம். கிளைநரம்புகள் விளிம்பைத் தொடுவதே இல்லை. விளிம்பை நெருங்கும்போது மேல்நோக்கி வளைந்து அடுத்த நரம்போடு கைகோத்துக்கொள்ளும். இந்த வளைவுகள்தாம் தேயிலைக்கு முகம். அவற்றை விட்டு வரைந்த படம், மூக்கையும் வாயையும் விட்டு வரைந்த மனிதப் படத்துக்கு ஒப்பாகும்.

பேரனின் படத்தைக் காண வந்திருந்தார் ஒரு மூதாட்டி. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவராம். படத்துக்கு அருகே போய் நெடுநேரம் பார்த்தார்.

"இது என்னடா தம்பி, தேயிலையா?"

"ஆமா அம்மாயி."

"ஓரத்துல பல்லக் காணோமே. நரம்பும் ஓரம் வரைக்கும் போயிருச்சு. கொழுந்தப் பொரட்டிப் பாத்தா அப்பிடியா இருக்கு?"

"புத்தகத்துல இப்படித்தான் இருக்கு அம்மாயி."

அம்மையார் அதற்குமேல் பேசவில்லை. புத்தகம் என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் நாற்பது ஆண்டு அறிவு வாயடங்கிப் போயிற்று. அந்தப் பையன் கெட்டவனல்லன்; பாட்டியிடம் அன்புள்ளவன் என்பது அவன் அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்றதிலேயே தெரிந்தது. ஆயினும் தன் வீட்டில் இருக்கும் அறிவு அறிவாகாது, அச்சில் வந்ததே அறிவு என்ற பாடத்தை அவன் அன்று இன்னொரு முறை கற்றுக்கொண்டான். அதைக் கற்பித்தவர்கள் நாம்தாம். இலை வரையும் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதிலே ஒரு விந்தை உண்டு. இலையை உள்ளது உள்ளபடி வரையும் கலை இத்தீவில் வேரூன்றிய இடம் நமக்கு அயலூர். கம்பளையைத் தொட்டு ஓடும் மகாவலி ஒன்பது பத்துக் கல் கீழே சென்று, பேராதனையில் ஒரு பெருந்தோட்டத்தை மூன்று புறமும் வளைத்துக்கொண்டு போகிறது. 1821ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மூன் என்பவர் அங்கே தாவரவியல் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். 1824இல் இலங்கைத் தாவரங்களின் அட்டவணை ஒன்றைச் சிங்களப் பெயர்களோடு வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில், 1823இல், ஹார்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்னும் இளைஞர் அத்தோட்டத்தின் ஓவியராக அமர்ந்தார். 1861வரை முப்பத்தெட்டு ஆண்டு அதே மேசை, அதே தொழில். வந்துபோன வெள்ளைக்கார அதிகாரிகள் பலர். மூன் 1825இலேயே காலமானார். செடியும் ஓவியரும் மட்டும் நிலைத்து நின்றனர்.

அவர் மக்கள் ஜோர்ஜ், வில்லியம் இருவரும் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தனர். 1893 தொடங்கி 1900 வரை வெளிவந்த, ஹென்றி ட்ரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைநூலை அறிஞர் இன்றும் கையாளுகின்றனர். அதனோடு வெளியான நூறு வர்ணத் தகடுகள் இக்குடும்பத்தின் கைவண்ணம். பட்டாம்பூச்சிகளைப் பற்றிய பெருநூலிலும் வில்லியத்தின் தூரிகை உண்டு. அவர்களுடைய மூல ஓவியங்கள் பேராதனைத் தாவரகத்தில் பேணப்படுகின்றன. ஆண்டுதோறும் நம் மாணவரை வாகனம் வாகனமாகப் பேராதனைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். பனைநிழற் சாலையில் நிறுத்திப் படம் பிடிக்கிறோம், இராட்சத மூங்கிலைக் காட்டுகிறோம், கட்டுச்சோற்றை அவிழ்க்கிறோம். டி அல்விஸ் என்ற பெயரை எத்தனை ஆசிரியர் அங்கே உச்சரித்திருப்பர்? சிங்கள ஓவியர் என்பதனாலா, ஓவியர் என்பதனாலேயேவா நமக்கு அவர் அயலாரானார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இரண்டாவதே காரணம் என்று தோன்றுகிறது.

துவைட்ஸ் என்பார் தோட்டத்தை நடத்திய காலத்தில், இங்கிலாந்து அறிஞர் லிண்ட்லி ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்கு அல்விசியா என்று பெயர் இட்டார். அப்பேரினப் பெயர் பின்னர் வழக்கொழிந்து வேறொன்றில் அடங்கிப் போயிற்று. ஆனால் தீனியோபில்லம் அல்விசி என்ற இனப்பெயரில் ஓவியரின் நினைவு இன்னும் இருக்கிறது. மரப்பட்டையில் ஒட்டி வளரும் மிகச் சிறிய ஓர்க்கிட் அது. வாழ்நாள் முழுவதும் இலை வரைந்தவர் பெயரைத் தாங்கும் அச்செடிக்கு இலையே கிடையாது! பச்சை வேர்களே இலையின் வேலையைச் செய்கின்றன. இன்னும் வேடிக்கை, அதன் பேரினப் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'நாடா இலை' என்று பொருள். தட்டையான வேரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பெயரை நம்பாதே, பொருளைப் பார் என்று அச்செடி ஓவியருக்குச் சொல்வது போல் இருக்கிறது.

பேராதனையில் ஹார்மானிஸ் தூரிகை எடுத்த அதே காலத்தில்தான் கம்பளையில் மற்றொரு காரியம் நடந்தது. 1824 அளவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் சிங்கபிட்டியவில் கோப்பித் தோட்டம் திறந்தார். பெருந்தோட்டமாகக் கோப்பி பயிரிடும் முயற்சி இத்தீவில் முதன்முதல் வேர்கொண்டது அங்கேதான் என்பர். நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து காடும் மேடும் கடந்து நடந்து வந்தது அந்தக் கோப்பிக்காகவே. அதை அழித்தது எது? போரன்று, பஞ்சமன்று. இலையின் கீழ்ப்புறத்தில் படிந்த செம்மஞ்சள் தூள்.

1869இல் மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளில் அது காணப்பட்டது. மேலிருந்து பார்த்தால் மங்கிய மஞ்சள் புள்ளி. அதிகம் கவலைப்படத் தோன்றாது. இலையைப் புரட்டினால் விரலில் ஒட்டும் தூள். துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்ற பங்கசு அறிஞர் நுணுக்குக்காட்டியில் பார்த்து, வித்தியின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கக் கண்டு, 'பாதி வழவழப்பு' என்று பொருள்படும் ஹெமிலியா என்ற பெயரை இட்டார். பெயரே ஓர் அவதானம்! பின்னர் 1880இலிருந்து 1882வரை மாஷல் வார்ட் என்ற இளம் அறிஞர் இலங்கையில் தங்கி, அப்பங்கசின் வித்தி காற்றிலே பறந்துவந்து இலையில் விழுவதையும், முளைத்து இலைவாய் வழியே உட்புகுவதையும் படிப்படியாக ஆராய்ந்து, படங்களோடு வெளியிட்டார். கோப்பியின் இலைவாய்கள் இருப்பது கீழ்ப்புறத்தில். மருந்து பயன்படாத அளவுக்கு நோய் முற்றியிருந்தது. இருபது ஆண்டுக்குள் கோப்பி மலைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அந்த வெறுமையை நிரப்பியது.

1946இல் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்து சேர்ந்தது. அதுவும் இளங்கொழுந்தையே பற்றும். மேற்புறத்தில் சிறு குழிவு. கீழ்ப்புறத்தில் வெண்மையாகப் புடைத்த கொப்புளம். மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் ஆளுநர் பெயர்களையும் சட்டங்களின் ஆண்டுகளையும் வரிசைப்படுத்துகின்றனர். இலையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் அவ்வரலாற்றில் ஓர் அத்தியாயமாகச் சேர்க்கலாம். நம் கொப்பி இலைக்குக் கீழ்ப்புறம் என்று ஒன்று உண்டா? நான் கண்டதில்லை.

இனி, உள்ளபடி வரைவது எப்படி என்பதைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன். பிறவித் திறமை வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோர் பலர். வேண்டியது பொறுமையே. முதலில் இலையைப் பறிக்காமல் கிளையோடு பாருங்கள். இலை தண்டில் எங்கே பொருந்துகிறது? ஒன்றுவிட்டு ஒன்றா, எதிரெதிரா? காம்புக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்தில் சிறு அரும்பு இருக்கிறதா? வேம்பின் சிற்றிலைக்கும் தனி இலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வது அந்த அரும்புதான்; சிற்றிலையின் கக்கத்தில் அரும்பு இராது. இவ்வளவும் பார்த்த பிறகே கிளையை நறுக்கி நீரில் நிறுத்த வேண்டும். இலை வாடத் தொடங்கினால் உருவமே பொய்யாகிவிடும்.

விளிம்பை முதலில் வரைவதே எல்லாரும் செய்யும் தவறு. நடுநரம்பே இலையின் முதுகெலும்பு. அது நேர்கோடாக இருப்பது அரிது. காம்பிலிருந்து எழும்பி, சற்றே வளைந்து, நுனியில் தாழ்ந்து போகும். அந்த ஒரு வளைவு சரியாக விழுந்தால் இலை உயிர்பெற்றுவிடும். பிறகு கவராயத்தால் நீளத்தையும், மிக அகன்ற இடம் எங்கே இருக்கிறது என்பதையும் அளந்து குறிக்க வேண்டும். அகன்ற இடம் நடுவில்தான் இருக்கும் என்று கை சொல்லும். கண் அதை மறுக்கும். கண்ணை நம்புங்கள். இலையின் இரு பாதியும் ஒன்றுபோல் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். வெற்றிலையை எடுத்து நடுநரம்பில் மடித்துப் பாருங்கள்; ஓரம் ஓரத்தோடு பொருந்துவது அபூர்வம். வேப்பஞ் சிற்றிலையில் அந்த ஏற்றத்தாழ்வு அடியிலேயே அப்பட்டமாகத் தெரியும்.

தொடங்குவோரை அழவைப்பது மடிந்த இலை. நம்மை நோக்கி வளைந்து நிற்கும் இலையின் நீளம் கண்ணுக்குக் குறுகித் தோன்றும். பாதியில் முறுக்கிக்கொண்ட இலையில் நடுநரம்பு ஓரிடத்தில் மறைந்து வேறோர் இடத்தில் வெளிப்படும். மூளை உடனே, 'இலை நீளமானதாயிற்றே' என்று வாதாடி, குறுகியதை நீட்டிவிடும். அறிந்ததை வரையாமல் கண்டதை வரைவது என்பது இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. இலைக்கு அப்பாலுள்ள வெற்றிடத்தின் வடிவத்தைப் பார்த்து வரைந்தால் இந்த வாதம் அடங்கும். வெற்றிடத்தைப் பற்றி மூளைக்கு முன்கருத்து எதுவும் கிடையாது.

நரம்பு கோடன்று. தோன்றுமிடத்தில் தடித்து, போகப் போக மெலிந்து, திசுவுக்குள் கரைந்து போகும் ஓடை அது. பெரும்பாலான இலைகளில் நரம்பு இலைப்பரப்பைவிட வெளிறியது. ஆதலால் தேர்ந்த ஓவியர் நரம்பின்மேல் நிறம் தீட்டுவதில்லை. நரம்புகளுக்கு இடைப்பட்ட வயல்களை ஒவ்வொன்றாகத் தீட்டி, நரம்பை வரப்பாக விட்டுவிடுவர். கொய்யாவிலையில் நரம்பு மேற்புறத்தில் பள்ளம், கீழ்ப்புறத்தில் மேடு. இரண்டுக்கும் நிழல் மாறி விழ வேண்டும். ஒளி இடப்பக்கத்து மேல்மூலையிலிருந்து வருவதாகக் கொள்வது மரபு.

நிறத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடிவிராது. ஒன்றைமட்டும் சொல்கிறேன். பெட்டியிலிருக்கும் ஆயத்தப் பச்சையை அப்படியே பூசாதீர்கள். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து, அதில் சிவப்பு ஒரு துளி சேர்த்தால், பச்சை தன் இளித்தவாய்த்தனத்தை விட்டு இலைப்பச்சையாகும். பலாவிலையின் மேற்புறம் மினுங்கும் இடத்தில் பச்சையே இல்லை; அங்கே தெரிவது வானம். அந்த இடத்தில் மிக மெல்லிய நீலமோ வெறுங் கடதாசியோ போதும். பலாவின் கீழ்ப்புறமோ வெளிறி, மினுக்கமின்றி, தடவினால் சொரசொரக்கும். வானம் அங்கே முகம் பார்ப்பதில்லை.

இவற்றில் ஒன்றுகூடப் படத்தைப் பார்த்துப் படம் வரைவதால் கைவரப் போவதில்லை. பிரதியின் பிரதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலக வரலாறு சான்று. மூலிகைப் படங்களைப் பிரதி செய்வோர் கெடுத்துவிடுகின்றனர் என்று முதலாம் நூற்றாண்டிலேயே உரோமாபுரிப் பிளினி முறையிட்டார். அதற்குப்பின் பல நூறு ஆண்டு ஐரோப்பாவில் மூலிகை நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதப்பட்டன. படத்திலிருந்த இலை எழுத்தாளர் கைமாறி, கைமாறி, கடைசியில் கோலப்புள்ளி போலாகிவிட்டது. நோயாளி எந்தச் செடியைத் தேடுவான்? 1530இல் வெளிவந்த புரூன்ஃபெல்சின் நூலுக்கு ஹான்ஸ் வைடிட்ஸ் படம் வரைந்தபோதுதான் அந்த மயக்கம் தெளிந்தது. அவர் உயிருள்ள செடியை முன்வைத்து வரைந்தார். ஒடிந்த தண்டையும், வாடிய இலையையும், கிழிந்த ஓரத்தையும்கூட விடாமல் வரைந்தார். 1542இல் ஃபூக்ஸ் என்ற மருத்துவர் தம் நூலின் இறுதியில் ஓவியர் இருவரின் உருவத்தையும், மரக்கட்டை செதுக்கியவரின் உருவத்தையும் பெயர்களோடு அச்சிட்டார். நம் பாடநூல்களில் படம் வரைந்தவர் முகத்தை யார் கண்டார்?

தமிழகத்தில் இந்தக் கலை இருந்ததில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னை மாகாணத்தில் கம்பனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட்டிடம் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர் இருவர் பணியாற்றினர். வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெருந்தொகுதியில் மட்டும் தகடுகள் 2101. கோவிந்துவின் பெயரால் அவரும் ஓர் ஓர்க்கிட் பேரினம் அமைத்தார். அப்பெயரும் அல்விசியாவைப் போலவே பின்னர் வேறொன்றில் கரைந்து போயிற்று. எடின்பரோத் தாவரத் தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்டி 2007இல் இவ்விருவரின் ஓவியங்களை நூலாக்கி வெளியிட்டிராவிட்டால், தமிழ் படித்தோருள் ஒரு சிலரேனும் இன்று இப்பெயர்களை அறிந்திருப்பது ஐயமே. நம் ஓவியரை நமக்கு அறிமுகப்படுத்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது.

தமிழ் மொழிக்கு இலையைப் பார்க்கத் தெரியாதா? தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும் அகத்தே வயிரமுடையதை மரமென்றும் பிரித்து, இரண்டின் உறுப்புகளுக்கும் வெவ்வேறு பெயர்களை வகுத்திருக்கிறது. ஓலையும் மடலும் ஈர்க்கும் ஒரு பக்கம். இலையும் தளிரும் முறியும் குழையும் மறுபக்கம். தென்னங்கீற்றை இலையென்று சொன்னால் இன்றும் ஊரார் சிரிப்பர். துளிர், கொழுந்து, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வயதுக்கே எத்தனை சொல்! சொல்லைப் படைத்தவன் பொருளைப் பார்த்திருக்கிறான். அச்சொற்களை மனனம் செய்யும் நாம் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். தமிழாசிரியர் தளிருக்கும் முறிக்கும் பொருள் எழுதச் சொல்கிறார். விஞ்ஞான ஆசிரியர் இலையின் பாகங்களைப் பெயரிடச் சொல்கிறார். இருவரும் ஒரே வகுப்பிலிருந்து ஒரே மாமரத்தடிக்கு மாணவரைக் கூட்டிச் சென்றால் என்ன?

"கையடக்கத் தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது, ஒரு தட்டில் இலை அகப்பட்டுவிடும், பென்சிலைக் கட்டி அழுவானேன்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. நிழற்படத்தை நான் வெறுப்பவனல்லன். ஆனால் நிழற்படம் அந்த நொடியில் அந்த இலைமேல் விழுந்த நிழலையும், பூச்சி அரித்த ஓட்டையையும், பின்னால் நிற்கும் வேலிக்கம்பியையும் ஒரே மதிப்பில் தந்துவிடும். எது அச்செடிக்கே உரியது, எது அன்றைய விபத்து என்று தேர்ந்து சொல்வது வரைபவனின் வேலை. இன்றைக்கும் புதிய தாவர இனமொன்றை உலகுக்கு அறிவிக்கும் ஆய்விதழ்களில் நிழற்படத்தோடு கோட்டோவியமும் இடம்பெறுகிறது. அதற்கும் மேலே, தட்டிப் பிடித்தவன் இலையை ஒரு நொடி பார்க்கிறான். வரைபவன் இரண்டு மணி நேரம் பார்க்கிறான். கல்விக்கு வேண்டியது அந்த இரண்டு மணி நேரம். படத்தை வேண்டுமானால் பிறகு கிழித்துப் போடலாம்.

ஆசிரியர்களின் இடர் எனக்குத் தெரியாததன்று. பாடவேளை நாற்பது நிமிடம்; வகுப்பில் நாற்பது பிள்ளைகள்; பாடத்திட்டமோ ஓட்டப்பந்தயம். எல்லா இலைகளையும் வரையச் சொல்லவில்லை. ஒரு தவணைக்கு ஓர் இலை போதும். ஆனால் அது அந்தப் பிள்ளை தானே கொண்டுவந்த இலையாக இருக்கட்டும். படத்தோடு இலையையும் ஒட்டிக் கொடுக்கட்டும். மேற்புறம் ஒன்று, கீழ்ப்புறம் ஒன்று என இரண்டு படம் இருக்கட்டும். திருத்துபவர் அழகுக்குப் புள்ளி போட வேண்டாம். இலையில் உள்ளது படத்தில் இருக்கிறதா, இலையில் இல்லாதது படத்தில் நுழைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கோணல் மாணலாக வரைந்தாலும் விளிம்பின் பல்லைக் கண்டு குறித்த பிள்ளை, அச்சுப்போல் பொய்யிலை வரைந்த பிள்ளையைவிடக் கூடுதல் புள்ளி பெற வேண்டும். பொதுப் பரீட்சைக்கு வினாத்தாள் ஆக்குவோர் இதனை ஏற்றுக்கொண்டால் ஒரே ஆண்டில் வழக்கம் மாறிவிடும். பரீட்சையில் வராத எதுவும் நம் வகுப்பறையில் நெடுநாள் நிலைப்பதில்லை என்ற கசப்பான உண்மையை வைத்தே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் வேண்டும். படத்தின் அடியில், அச்செடியின் பெயரையும் குணத்தையும் யாரிடம் கேட்டறிந்தாய் என்பதைப் பிள்ளை எழுத வேண்டும். தாயோ, பாட்டியோ, பக்கத்து வீட்டுச் சிங்கள மாமாவோ, தோட்டத்து மருத்துவச்சியோ, அவர் பெயர் அங்கே இடம்பெறட்டும். கொழுந்தின் முற்றலையும் இளமையையும் விரல்நுனியாலேயே அறியும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நாடு இது. அவர்கள் பெயர் கூலிப் பதிவேட்டைத் தவிர வேறெந்தக் கடதாசியிலும் ஏறியதில்லை. விஞ்ஞானக் கொப்பியில் ஏறட்டுமே!

எந்த இலையிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் மாணவருக்குக் கறுவாவைச் சொல்வேன். நம் பக்கத்து வேலியோரங்களில் அது தேடாமலே கிடைக்கும். அதன் அடியிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்பி, நடுநரம்பும் இரு பக்கத்துத் தோழரும் போல நுனியை நோக்கி ஏறும். மீன்முள் நரம்பு வரையப் பழகிய கை அங்கே தடுமாறி நின்றுவிடும். நின்ற கணத்தில் கண் வேலை செய்யத் தொடங்கும். இளந்தளிர் செக்கச் சிவந்திருப்பதால் பச்சை வர்ணத்தையும் எட்ட வைக்க நேரும். அடுத்துப் பலா: கன்றின் இலை பிளவுபட்டிருப்பதும், வளர்ந்த மரத்து இலை பிளவின்றி இருப்பதும் ஒரே தாளில் வரையத்தக்கவை. தேயிலையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். பழகிய முகம் என்பதால் அதுதான் கடினம். காலை வேளை நல்லது. மழை பெய்து ஓய்ந்தவுடன் மட்டும் உட்கார வேண்டாம். ஈரம் உலரும் வரை எல்லா இலையும் ஒன்றுபோலவே மினுங்கும். கம்பளையில் அதற்குச் சற்றுக் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும்.